விதைமடுவில் விட்ட ஒற்றை மீன்

கலியாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிவந்த புதிதில், இன்பம் கணவனோடு பேசியதைவிட அவனுடைய மீன்களோடு பேசியதுதான் அதிகம். நேசையன் முனிசிபாலிட்டியில் மலேரியா இன்ஸ்பெக்டர்; சுற்றுவட்டார ஊர்களில் காய்ச்சல் என்றாலும் அவனைத்தான் அனுப்புவார்கள். ஆபீஸ் தொட்டி வெடித்துப்போனதால், வாடகை வீட்டின் பின்கட்டில் இருந்த சிமெண்டுத் தொட்டியில்தான் கம்பூசியா மீன்களை வளர்த்துவந்தான். இரண்டு விரற்கடை நீளம், சாம்பல் நிறம், மேல்நோக்கித் திறந்த வாய். பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத மீன். ஆனால் ஒரு கரண்டி கொசுப்புழுவை மொண்டு ஊற்றினால், இன்பம் கரண்டியைக் கழுவி வைப்பதற்குள் தொட்டி சுத்தமாகிவிடும்.

"இத்தாலி தேசத்திலேர்ந்து பெங்களூருக்கு வந்துச்சு. அங்கேருந்து இப்பம் நம்ம மாகாணம் பூரா போகுது" என்று நேசையன் ஒருநாள் சொன்னான். அவனாக வாய்திறந்து அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். "கிணத்துலயும் தொட்டியிலயும்தான் விடணும். வேற மீன் இருக்கிற கண்மாய்ல விட ஆர்டர் கெடையாது."

"இது எப்பம் முட்டை போடுது? நானும் தெனம் பாக்கேன், குஞ்சுதான் இருக்கு, முட்டையக் காணும்" என்று இன்பம் கேட்டாள்.

நேசையனின் காது சிவந்தது. "அது... போடும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்பம் சிரித்துக்கொண்டாள். அவள் புருஷன் அப்படித்தான். மாமியார் முன்னால் அவள் பெயரைச் சொல்லவே அவனுக்குக் கூச்சம்.

இன்பத்தின் ஊர் பனையடிப்பட்டி. ராஜபாளையத்தில் ரயிலை விட்டு இறங்கி, சேத்தூர் வரைக்கும் போய், அங்கிருந்து மேற்கே நடக்க வேண்டும். அந்த ஊருக்கு ஒரு சின்னக் கண்மாய். ஈஸ்டர் முடிந்து வெயில் ஏறி, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், நீர்பாய்ச்சி ராக்கப்பன் தமுக்கடிப்பான். சாதி, மதம் பார்க்காமல் ஊரே ஊத்தாக் கூடையும் வலையுமாக இறங்கும். விரால், கெளுத்தி எல்லாம் உண்டென்றாலும் ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது அயிரைதான். சுண்டுவிரல் நீளத்தில் சேற்றோடு சேறாகக் கிடக்கிற அந்த மீனை உயிரோடு பிடித்து, பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்துக் குழம்பு வைப்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அயிரைப் பானை போகாத வருஷம் கிடையாது.

ஒரே ஒரு கட்டுப்பாடுதான் உண்டு. மடையை ஒட்டி, கோடையிலும் வற்றாத ஆழமான பள்ளம் ஒன்றிருந்தது. அதற்கு விதைமடு என்று பெயர். ராக்கப்பன் அதன் கரையில் வேப்பங்கொம்பு நட்டுவிட்டால் அதற்குப் பிறகு எவரும் அந்த மடுவில் கைநனைக்கக் கூடாது. அதில் மிஞ்சுகிற மீன்தான் அடுத்த மழைக்குக் கண்மாய் முழுக்கப் பெருக வேண்டும்.

முதல் வருஷம் மீன்பிடிக்கு நேசையனால் வர முடியவில்லை. வத்திராயிருப்புப் பக்கம் காய்ச்சல் என்று போயிருந்தான். இன்பம் தனியாகத்தான் ஊருக்குப் புறப்பட்டாள். மாப்பிள்ளை வராத வீட்டுக்குக் கையில் ஏதாவது பெருமையாகக் கொண்டுபோகத் தோன்றியது. தொட்டியில் இருந்ததிலேயே பெரியதாக, வயிறு பருத்த ஒரு மீனைப் பிடித்துக் கூஜாவில் விட்டுக்கொண்டாள்.

அப்பா ஏசுவடியானுக்குப் பெருமை பிடிபடவில்லை. மீனை வெண்கலச் சட்டியில் ஊற்றி, வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "எங்க மாப்பிள்ளை வளக்குற கவர்மெண்டு மீனு. கொசுவத் தவிர வேற ஒன்னத் தொடாது" என்று அவராகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். ராக்கப்பன்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அண்ணன் மனைவி கிருபாபாய் மட்டும் சட்டியைப் பார்க்காமல் இன்பத்தின் வயிற்றைப் பார்த்தாள். "கலியாணமாகி எம்புட்டு நாளாச்சு. வயித்துல ஒன்னையும் காணும், கூஜாவுல மீனச் சொமந்துட்டு வந்துருக்கா" என்றாள். கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். இன்பமும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் பேசுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சட்டித் தண்ணீரில் மீன் மேலெழும்பி வாயைத் திறந்து திறந்து மூடியது. திரும்பிப்போகும் வரைக்கும் தாங்காது என்று தெரிந்தது. கிணற்றில் தண்ணீர் பாறைக்குக் கீழே போயிருந்தது. அன்றைய மீன்பிடியோடு கண்மாயும் வெறும் சேறாகிவிட்டது. ஊரில் வேறு தண்ணீரென்று பார்த்தால் விதைமடுதான். பொழுதுசாய, காவலுக்கு இருந்த ராக்கப்பன் நகர்ந்த நேரம் பார்த்து, கூஜாவோடு போனாள். கண்மாயில் விட ஆர்டர் கிடையாது என்று கணவன் சொன்னது ஞாபகம் இருந்தது. அது குடம்குடமாக விடுகிறவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டாள். சோடி இல்லாமல், துணை இல்லாமல் தனியாகக் கிடக்கிற ஒற்றை உயிர். இருக்கிற வரைக்கும் நல்ல தண்ணீரில் இருந்துவிட்டுப் போகட்டும். கூஜாவைச் சாய்த்தாள். மீன் ஒரு நொடி கரையோரத்தில் நின்றது, பிறகு கலங்கலுக்குள் போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியதும் நேசையனிடம் சொல்லத்தான் நினைத்தாள். அவன் காய்ச்சல் ஊரிலிருந்து தூக்கமில்லாமல் வந்திருந்தான். அப்புறம் சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமாகவும் இல்லை.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. கார்த்திகையில் நேசையன் சேத்தூர்ப் பக்கத்துக் காய்ச்சலைப் பார்க்க வந்தவன், பனையடிப்பட்டிக் கிணறுகளையும் எட்டிப் பார்த்துவிட்டு, மாமனார் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுப் போனான். மறுவருஷம் ஈஸ்டர் முடிந்ததும் மீன்பிடிக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். மாப்பிள்ளைக்கு முதல் தடவை அயிரை விருந்து என்று ஏசுவடியான் சேத்தூரிலிருந்து தன் பங்காளிகளையும் அழைத்திருந்தார்.

தமுக்குச் சத்தம் கேட்டு ஊர் இறங்கியது. முதல் வலை கரையேறியபோது, அதில் சாம்பல் நிறப் பொடிமீன் குவியலாகத் துள்ளியது.

"என்னலே இது, தவக்களைக் குஞ்சா?"

"தவக்களைக்கு இப்படி வாலு இருக்குமால? மீனுதான். சரியாப் பாரு."

அடுத்த வலையிலும் அதுவேதான். அதற்கடுத்ததிலும் அதுவே. கிடைத்த நாலு விராலுக்கும் வால் கத்திரியால் நறுக்கினதுபோல் பிய்ந்திருந்தது. ஊத்தாக் கூடைக்காரர்கள் மத்தியானம் வரைக்கும் சேற்றைத் துழாவினார்கள். மொத்த ஊருக்கும் கிடைத்த அயிரை ஒரு பானையின் அடியை மூடவில்லை.

கிருபாபாய் அந்தப் பொடிமீனில் ஒரு பிடியை அள்ளிப்போய் வறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தாள். "ஒரே முள்ளு. பூனைக்குப் போட்டேன். மோந்து பாத்துட்டு என்னையப் பாக்குது, நான் என்ன தப்பு பண்ணுனேன்னு."

சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நேசையன் குனிந்து ஒரு மீனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மாறிப்போயிருந்தது.

ராக்கப்பன் பக்கத்தில் வந்தான். "இன்ஸ்பெக்டரய்யா, இது ஒங்க கவர்மெண்டு மீனுல்லா? போன வருசம் ஒங்க வீட்டுக்காரவுக கூஜாவுல ஒன்னு கொண்டாந்து காமிச்சாக."

நேசையன் திரும்பி இன்பத்தைப் பார்த்தான். ஒரு பார்வைதான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"அது ஒத்த மீனு, அதுக்கென்ன" என்றார் பங்காளி ஒருவர். "இங்க லட்சக்கணக்குல கெடக்கு. கார்த்திகையில கெணறு பாக்க வந்தாருல்லா. அப்பம் குடத்தோட கவுத்துட்டுப் போயிருப்பாரு."

"அப்படித்தானா அய்யா?" என்றான் ராக்கப்பன். "விதைமடு மண்ண எடுத்துத் தாரேன். கையில வச்சிக்கிட்டு 'நான் விடல'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும். இந்த ஊருல அதுக்கு மேல கேள்வி கெடையாது."

சேற்று மண்ணை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேசையன் கையை நீட்டவில்லை. "மீன் எங்க ஆபீஸ் மீன்தான். பொறுப்பு என்னைச் சேர்ந்தது" என்றான்.

ஏசுவடியான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் பங்காளிகள் போனார்கள்.

இன்பம் கணவனுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. கிருபாபாயோடு சேர்ந்துகொண்டு நடந்தாள். இவரா இப்படிச் செய்தார் என்று உடம்பெல்லாம் கூசியது. அப்பா வாய்நிறையச் சொல்லித் திரிந்த பெருமையை இவர் இப்படிச் சேற்றில் போட்டுவிட்டாரே.

வீட்டில் நேசையனுக்கு மட்டும் தனியாக இலை போட்டார்கள். கத்திரிக்காய்க் குழம்பு. ஏசுவடியான் சாப்பிட வரவில்லை. வாசலில் பங்காளிகள் பேசுவது உள்ளே கேட்டது. மடுவை இறைத்துப் பார்க்க ஆட்கள் முன்னமே போயிருந்தார்கள்; திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் மேலதிகாரியிடம் சொல்லி இன்ஸ்பெக்டரின் வேலையைப் பிடுங்க வைப்பது என்று முடிவாகியிருந்தது.

அவன் கைகழுவத் தொழுவத்துப் பக்கம் வந்தபோது இன்பம் செம்போடு நின்றாள். தண்ணீரை ஊற்றிக்கொண்டே, குரலை அடக்கிக் கேட்டாள்.

"ஏன் விட்டீங்க? ஆர்டர் இல்லன்னு எனக்குப் படிச்சுப் படிச்சு சொன்னீங்க. எங்கப்பா இனிமே கோயில்ல எப்படித் தலையத் தூக்கி உக்காருவாவ?"

நேசையன் கையை உதறிவிட்டு, மெதுவாகக் கேட்டான். "கூஜாவுல கொண்டுவந்த மீனை என்ன செஞ்ச இன்பம்?"

"அது செத்துப்போகப் பாத்துச்சு. மடுவுல விட்டேன். ஒன்னுதான."

"பெரிய மீனா?"

"இருந்ததுலயே பெரிசு."

"அப்போ பொம்பளை மீன்."

"இருக்கட்டும். சோடி இல்லாம அது மட்டும் கெடந்து என்ன பெருகிடப்போகுது?"

அவன் தொழுவத்து மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினான். பரீட்சையில் ஒப்பிக்கிறவனைப் போலிருந்தது. "இதுக்குச் சோடி வேண்டாம். ஒரு தடவை சேர்ந்துட்டா, அந்த விதையை மாசக்கணக்கா வயித்துக்குள்ளயே வச்சிருக்கும். முட்டை போடாது. குட்டிதான் போடும். மாசத்துக்கு ஒரு ஈத்து, அம்பது, அறுபது. அந்தக் குட்டி ரெண்டு மாசத்துல தாயாயிரும். கொசுப்புழு கெடைக்கலைன்னா அடுத்த மீனோட முட்டை, குஞ்சு எல்லாத்தையும் தின்னும். கோடையில மடுவுல அயிரைக்குஞ்சு ஒதுங்கி நின்னிருக்கும். வேற தீனி தேட வேண்டிய அவசியமே இருந்திருக்காது."

இன்பத்தின் கையில் செம்பு சாய்ந்து, தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

"நான் கேட்டனே" என்றாள். "எப்பம் முட்டை போடும்னு அன்னைக்குக் கேட்டனே. போடும்னுதான சொன்னீங்க."

அவனுக்கு மறுபடி காது சிவந்தது. ஆனால் இந்தத் தடவை போய்விடவில்லை. "உன்னை ஆளாளுக்கு என்ன கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். எங்கம்மாவே கேக்குறாங்க. நீ பின்கட்டுல போய் அழுறது எனக்குக் கேக்கும். மாசா மாசம் குட்டி போடுற மீனைப் பத்தி நான் ஒங்கிட்ட எந்த வாயால பேச? அதான் அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேன். என் வேலையை நான் ஒழுங்காச் சொல்லித் தந்திருந்தா நீ விட்டிருக்க மாட்ட."

"மண்ண வாங்கி நான் விடலன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, பொறவு யாருன்னு கேப்பாங்கல்லா."

செய்யாத குற்றத்துக்காக அவனை விட்டு விலகி, மதினியோடு சேர்ந்து நடந்து வந்ததை இன்பம் நினைத்தாள். மீன் விட்டது ஒரு தப்பு. இது அதைவிடப் பெரிய தப்பாக இருந்தது. அந்த இடத்தில் நிற்கவே அவளால் முடியவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு கண்மாய்க்கு நடந்தாள். "இன்பம், நில்லு" என்று நேசையன் பின்னாலேயே வந்தான்.

மடுவின் கரையில் வேப்பங்கொம்பைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டிய இறைகூடையை இரண்டு இரண்டு பேராக வீசித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. சேற்றில் சாம்பல் மீன்கள் துடித்தன. ஏசுவடியான் தள்ளி நின்றிருந்தார்.

"அப்பா" என்றாள் இன்பம். யாரும் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னாள். "அப்பா, அவிய விடல. போன வருசம் நான் கொண்டாந்த மீன நான்தான் இந்த மடுவுல விட்டேன். யாருகிட்டயும் கேக்காம விட்டேன்."

இறைகூடை நின்றது. ராக்கப்பன்தான் முதலில் பேசினான். "ஒத்த மீனையா?"

"ஒன்னுதான்."

"ஒத்த மீனு எப்படித் தாயீ கண்மாய நெறைக்கும்?"

"புருசனக் காப்பாத்துதா" என்றார் பங்காளி. "நல்ல பொண்ணாத்தான் வளத்துருக்கான் ஏசுவடியான்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஏசுவடியானும், "ஏட்டி, நீ வீட்டுக்குப் போ. ஆம்பளைக பேசிக்கிடுதோம்" என்றார்.

தான் சொன்னதை யாரும் நம்பமாட்டார்கள் என்று இன்பம் நினைத்தே பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் எப்படித் திட்டுவார்கள், அப்பா அடிப்பாரா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தாள். நேசையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். மாமனார், பங்காளிகள், கிருபாபாய், கரையெல்லாம் பெண்கள். அவனுக்கு வார்த்தை வரவில்லை.

இன்பம் மடுவுக்குள் இறங்கினாள். சேற்றில் துடித்தவற்றில் வயிறு பருத்த ஒன்றை எடுத்தாள். வயிற்றின் பின்பக்கத்தில் கறுப்பாக ஒரு பொட்டுப்போல் தெரிந்தது. தொட்டியில் தினமும் பார்த்த பொட்டுதான். அது என்னவென்று அவள் கேட்டதில்லை. உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் வயிற்றை மெல்ல அழுத்தினாள். கண்ணும் வாலுமாக ஒரு குட்டி வந்தது. இன்னொன்று வந்தது. கையில் ஒட்டியிருந்த ஈரத்தில் அவை நெளிந்தன. அவள் கையை நீட்டிக்கொண்டே அப்பாவிடம் போனாள். பிறகு ராக்கப்பனிடம் காட்டினாள். பிறகு பெண்களிடம் காட்டினாள். குட்டிகள் கையில் வந்துகொண்டே இருந்தன.

"முட்டை கெடையாது. குட்டிதான்" என்றாள். "நான் கொண்டுவரும்போதே அதுக்கு வயிறு இப்படித்தான் இருந்துச்சு. பருமனா இருக்கு, பாக்க அழகா இருக்குன்னு எடுத்துட்டு வந்தேன்."

ராக்கப்பன் அவள் கையைப் பார்த்தான். பிறகு மடுவைப் பார்த்தான். "நான் ஒரு பய கைய நனைக்க விடாம காவலு காத்தேன்" என்றான். "உள்ள போட யாரும் வருவாகன்னு நெனைக்கலயே தாயீ."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். கிருபாபாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இன்பத்தின் உள்ளங்கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பை அடக்க இல்லை என்று இன்பத்துக்குத் தெரிந்தது. அந்த இரக்கம் ஏச்சைவிட அதிகமாகச் சுட்டது.

அதற்குப் பிறகுதான் நேசையனுக்குப் பேச்சு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். "தண்ணியை வாய்க்கால் பக்கம் வீசாதீங்க. குட்டியும் அதோட போயிரும். மேட்டுல ஊத்துங்க, வெயில்ல காயட்டும். மடு வெடிக்கிற வரைக்கும் காயணும். அயிரை அடிச்சேத்துல கெடக்கும். ஒன்னொன்னா கையால பொறுக்கிக் கழுவி, பானையில கெணத்துத் தண்ணியில விடுங்க. கெடைச்சதுதான் விதை." யாரும் மறுத்துப் பேசவில்லை. பெண்கள் பானை எடுத்துவரப் போனார்கள். அவன் இறைகூடையின் ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்தான். எதிர்ப்பக்கம் ராக்கப்பன் பிடித்தான்.

நாலைந்து வீச்சு வீசியபிறகு நேசையன் கேட்டான். "இந்த வருசம் கண்மாய் நெறைஞ்சு மறுகால் பாஞ்சுச்சா?"

"ஐப்பசியிலயும் பாஞ்சது, கார்த்திகையிலயும் பாஞ்சது. நல்ல மழையில்லா."

"அந்தத் தண்ணி எங்க போகும்?"

"கீழக் கண்மாய்க்கு. அவுகளுக்கு வர்ற வாரம் மீன்பிடி..." ராக்கப்பன் பாதியில் நிறுத்தினான்.

கயிறு இருவர் கையிலும் தொங்கியது. கீழக் கண்மாய் ஊரிலும் ஒரு விதைமடு இருக்கிறது. அதற்கும் ஒருவன் வேப்பங்கொம்பு நட்டுக் காவல் இருப்பான். மீன்பிடியன்றைக்கு அவர்கள் வலையைத் தூக்கிப் பார்க்கும்வரை ஒன்றும் தெரியாது.

"நான் திங்கட்கிழமை ஆபீஸ்ல சொல்லி, முறைப்படி..." என்று நேசையன் தொடங்கினான்.

"வேண்டாம்" என்றாள் இன்பம். "அதுக்குள்ள மடுவுல கொம்பு நட்டு, யாரையும் தொட விடாமப் பண்ணிருவாக. இன்னைக்கே சொல்லணும். நான் போறேன்."

"நானும் வாரேன்."

"நீங்க இங்க நில்லுங்க. ஒங்களப் பாத்தா அவிய ஒங்களத்தான் பிடிப்பாக."

ஏசுவடியான் இதுவரை மகளைப் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்கவில்லை. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, கண்மாய்க் கரையின்மேல் கிழக்கே நடக்கத் தொடங்கினார். செத்த நேரம் கழித்து, நின்று, காத்திருந்தார். இன்பம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். பனையடிப்பட்டியில் அவளைத் தெரியாத ஆள் கிடையாது. கீழக் கண்மாய் ஊரில் அவளை ஒருவருக்கும் தெரியாது. அங்கே போனால், தான் யார், எந்த ஊர், யாருடைய மகள், யாருடைய மனைவி என்று முதலிலிருந்து சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.